சளி பிடித்த இரவுகளில் சிபேப் கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்கள் இரவில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி, உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே பழகுவதற்குச் சற்று முரண்டு பிடிக்கும் பொருள்தான். மூக்கடைத்துத் தொண்டை கரகரத்துத் தலை கனக்கும் நாட்களில் அதைப் போடுவதா, ஓரமாக வைப்பதா என்ற தயக்கம் ஏறத்தாழ எல்லோருக்கும் வருகிறது. பல ஆண்டுகளாக இந்தக் கருவியோடு உறங்கிவருபவன் என்ற முறையில், என்னிடம் பிறர் கேட்டவற்றையும் நானே என் மருத்துவரிடம் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்தும்; கருவி பயன்படுத்தும் குழந்தைக்குச் சளி பிடித்தால் மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

சளி பிடித்திருக்கும்போது கருவியைப் போடலாமா, கூடாதா?

போட முடிகிற வரை போடுவதே நல்லது. காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றக் கேள்விகள் பலவற்றுக்கும் அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

தொண்டையின் மேற்பகுதி எலும்பின் தாங்கல் இல்லாமல் தசைகளாலேயே திறந்து நிற்கிறது. உறக்கத்தில் அத்தசைகள் தளரும்போது, ஆப்னியா உள்ளவர்களுக்கு அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகிறது. 1981ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றையே தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் தூணாக ஆக்கலாம் என்று காட்டினார்கள். இன்று நம் படுக்கையருகே இருக்கும் கருவி செய்வதும் அதையேதான்.

சளி பிடித்தால் மூக்கின் உட்சவ்வு வீங்கிப் பாதை குறுகுகிறது. அதே அளவு காற்றை இழுக்க மார்பு கூடுதலாக உறிஞ்ச வேண்டியிருக்கிறது. உறிஞ்சுகுழலின் நுனியைக் கிள்ளிக்கொண்டு உறிஞ்சினால் குழலின் நடுப்பகுதி ஒட்டிக்கொள்வதைப் போல, அந்தக் கூடுதல் இழுப்பில் தொண்டையும் எளிதில் மூடிக்கொள்கிறது. மூக்கு அடைத்ததால் வாயைத் திறந்தால் தாடை பின்னுக்குச் சரிந்து, நாக்கும் கூடவே பின்வாங்குகிறது. ஆக, கருவியைக் கழற்றி வைக்கத் தோன்றும் நாட்கள்தாம் கருவி மிகவும் தேவைப்படும் நாட்கள்.

அதற்காக, முடியாத இரவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு போட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆப்னியாவைத் தவிர வேறு சிக்கல் இல்லாத ஒருவர் ஓர் இரவு போடாமல் உறங்குவதால் பெருங்கேடு நேர்ந்துவிடுவது அரிது. ஆனால் இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், உடற்பருமனால் வரும் மூச்சுக்குறைவு ஆகியவை உள்ளவர்களும், உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் வெவ்வேறு அழுத்தம் தரும் பைபேப் கருவியையோ ஆக்சிஜனையோ இரவில் சார்ந்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஓர் இரவுகூட விடக் கூடாது.

மூக்கு முழுவதும் அடைத்திருக்கிறது. காற்று எப்படி உள்ளே போகும்?

மூக்கைத் திறந்த பிறகுதான் மாஸ்க்கைத் தொட வேண்டும். அடைத்த மூக்கின் மேல் மாஸ்க்கைப் பொருத்திவிட்டு, காற்று போகவில்லையே என்று பட்டையை இறுக்குவதும் அழுத்தத்தைக் கூட்டுவதும்தான் பலரும் செய்யும் தவறு. நானும் முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன்.

இப்போது நான் படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறேன். வெந்நீரில் குளித்தாலோ, குளியலறை ஆவியில் சில நிமிடங்கள் நின்றாலோ கெட்டிச்சளி சற்று இளகும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்பிரேயை இரண்டு நாசிகளிலும் அடித்துவிட்டு, உடனே சிந்தாமல் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். அதன்பின் ஒரு நாசியை விரலால் மூடி, மற்றொன்றை மெதுவாகச் சிந்த வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பலமாகச் சிந்தினால் சளி சைனஸ் அறைகளுக்குள்ளும் நடுக்காதை நோக்கியும் தள்ளப்படக்கூடும். பதினைந்து நிமிடம் கழித்து, இருக்கும் ஈரத்தையும் துடைத்துவிட்டு மாஸ்க்கை மாட்டலாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரோ காய்ச்சி வடித்த நீரோதான் ஆகும். குடித்தால் ஒன்றும் செய்யாத சில நுண்ணுயிரிகள் மூக்கின் வழியே போனால் உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்னும் அமீபா அவற்றுள் ஒன்று.

ஒரு நாசியாவது பாதி திறந்திருந்தால் மாட்டிப் பார்க்கலாம். தலையை உயர்த்தி, சாய்ந்த நிலையில் பத்து நிமிடம் அமைதியாக இருந்தால், உள்ளே வரும் ஈரக்காற்றே அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். மெல்லிய ‘பிஸ்’ என்ற ஓசையோடு ஒரு நாசி திறந்துகொள்ளும் அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பது வீண்போகாது. பத்து நிமிடத்திலும் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் கழற்றிவிட்டு மறுபடி உப்புநீரிலிருந்து தொடங்குங்கள்.

மூக்கடைப்புக்கான ஸ்பிரே அல்லது சொட்டு மருந்து போட்டுக்கொள்ளலாமா?

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவை சில நிமிடங்களிலேயே மூக்கைத் திறந்துவிடும்; படுக்கும் முன் ஒருமுறை போட்டால் அந்த இரவு ஓடிவிடும். ஆனால் 3 நாட்களுக்கு மேல் தொடராதீர்கள். தொடர்ந்தால், மருந்தின் வீரியம் இறங்கும் ஒவ்வொரு முறையும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும்; சளி போன பிறகும் அடைப்பு போகாது. ஏழு நாளில் போயிருக்க வேண்டிய மூக்கடைப்பை இப்படி மாதக்கணக்காக இழுத்துக்கொண்டவர்கள் உண்டு.

புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் ஒவ்வாமையால் வரும் அடைப்புக்கு உரியவை. அவற்றின் முழுப்பயன் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால் இன்றிரவுச் சளிக்கு அவை உதவமாட்டா. ஏற்கெனவே மருத்துவர் தந்திருந்தால் நிறுத்த வேண்டியதில்லை.

சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின் கலந்த மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். சூடோஎபெட்ரின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது, உறக்கத்தையும் கெடுக்கக்கூடியது. ஆப்னியா உள்ளவர்களில் பலருக்கு உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தே இருக்கிறது.

தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் இருமல் மருந்தும் நல்லதுதானே?

நல்லதல்ல. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் ஆகிய பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் மயக்கம் தருபவை. கோடீன் உள்ள இருமல் மருந்து அதற்கும் ஒரு படி மேலே போய், மூச்சு விடும் உந்துதலையே தணிக்கும். மூச்சு நிற்கும்போது நம்மைத் தட்டி எழுப்பும் மூளையின் எச்சரிக்கை இவற்றால் மந்தமாகிறது. கருவியைப் போடாமல் உறங்கப் போகும் இரவில் இவற்றை எடுப்பது இன்னும் மோசம். சில இருமல் மருந்துகளில் ஆல்கஹாலும் உண்டு. குப்பியின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், அல்லது மருந்துக்கடைக்காரரிடம் “எனக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாஸ்க்கை மாற்றிப் பயன்படுத்தலாமா?

மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கோ, நாசித் துளைகளில் பொருந்தும் சிறு தலையணை வகையோ பயன்படுத்துபவர்களுக்குச் சளிக்காலம் சோதனைக்காலம். வாய் வழியாக மூச்சுவிட்டால் கருவி அனுப்பும் காற்று வாய் வழியே வெளியேறிவிடும். தொண்டைக்கு முட்டு கிடைக்காது. இதற்காகவே மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சளி பிடித்த இரவில் அதை முதன்முறையாகப் பிரித்தால் வேலைக்கு ஆகாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்த்துப் பட்டைகளைச் சரிசெய்து, இரண்டு மூன்று இரவுகள் போட்டுப் பழகியிருக்க வேண்டும். கருவியின் அமைப்புகளில் மாஸ்க் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அதையும் மாற்ற மறக்காதீர்கள்.

மூக்கு அடைத்திருக்கும்போது தாடைப்பட்டை கட்டிக்கொள்வதையும் வாயில் டேப் ஒட்டிக்கொள்வதையும் அறவே தவிர்க்க வேண்டும். மூக்கும் மூடி வாயும் மூடினால் காற்றுக்கு வேறு வழியில்லை.

ஈரப்பதமூட்டியை எவ்வளவு வைக்க வேண்டும்?

கருவியின் நீர்த்தொட்டியைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் இந்தப் பகுதியை வழக்கத்தைவிட ஓரிரு படி கூட்டி வைத்துப் பாருங்கள். மூக்கு நலமாக இருக்கும்போது, நாம் இழுக்கும் காற்றை உடம்பின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஈரமாக்கியே நுரையீரலுக்கு அனுப்புகிறது. வாய் வழியே காற்று கசியும்போது, மூக்கின் வழியாக ஒரே திசையில் காற்று பாய்ந்துகொண்டே இருக்கிறது. வெளிமூச்சில் திரும்பி வர வேண்டிய ஈரம் திரும்பி வருவதில்லை. உலர்ந்த சவ்வு தன்னைக் காத்துக்கொள்ள இரத்தத்தை வரவழைத்து வீங்குகிறது. அடைப்பால் வாய் திறக்கிறது, வாய் திறப்பதால் அடைப்பு கூடுகிறது. இந்தச் சுழலை அறுப்பதில் ஈரப்பதமூட்டிக்கு இணையான மருந்து இல்லை என்பது என் கருத்து.

அளவு மிஞ்சினால் வேறொரு தொல்லை வரும். சூடான ஈரக்காற்று, குளிர்ந்த அறையில் கிடக்கும் குழாயின் சுவரில் பட்டு நீர்த்துளிகளாகிவிடும். இரவு மூன்று மணிக்குக் குழாய்க்குள் ‘களக் களக்’ என்று ஓசை கேட்டு, புரண்டு படுத்ததும் ஒரு மிடறு குளிர்நீர் மூக்கின் மேல் வந்து விழுந்தால், ஈரப்பதத்தை ஒரு படி குறைக்க வேண்டும் என்று பொருள். கருவியைப் படுக்கையைவிடத் தாழ்வாக வைப்பதும், குழாய்க்குத் துணியுறை போடுவதும், சூடாகும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தைக் கூட்டுவதும் உதவும்.

தொட்டியில் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், ஆவி பிடிக்கப் போடும் மாத்திரை எதுவும் ஆகாது. அவை நேராக நுரையீரலுக்குள் அடித்துச் செல்லப்படும்; தொட்டியின் பிளாஸ்டிக்கும் கெடும்.

மாஸ்க்குக்குள் தும்மினால், இருமினால் என்ன செய்வது?

ஒரு தும்மலால் கருவிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாஸ்க்குக்குள் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தலையணையருகே டிஷ்யூவும் ஈரத்துணியும் வைத்துக்கொள்ளுங்கள். தும்மல் வரும் அறிகுறி தெரிந்ததும் குழாயின் இணைப்பைக் கழற்றுவதைவிட மாஸ்க்கைக் கீழ்நோக்கி இழுத்துவிடுவது எளிது. துடைத்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.

விடாத இருமலுக்குத் தலையையும் மார்பையும் சேர்த்து உயர்த்திப் படுப்பது நல்லது. தலையணையை அடுக்கிக் கழுத்தை மட்டும் மடக்கினால் தொண்டை இன்னும் குறுகும். அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் ராம்ப் வசதியை இந்த நாட்களில் சற்று நீட்டி வைக்கலாம். வெளிமூச்சின்போது அழுத்தத்தைத் தளர்த்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

அழுத்தத்தை நானே குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பெரும்பாலான கருவிகள் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தரக்கூடியவை. அதில் உங்களுக்கான எண் பரிசோதனைக்குப் பின் தீர்மானிக்கப்பட்டது. தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடமோ உறக்க ஆய்வகத்திலோ சொல்லி மாற்றுங்கள்.

காது அடைத்துக்கொண்டு வலிக்கிறது. கருவியால்தானா?

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழல் இணைக்கிறது. சளியில் அதன் வாய் வீங்கியிருக்கும்போது, கருவியின் அழுத்தம் காதுக்குள் ஏறி இறங்க முடியாமல் சிக்கிக்கொள்ளலாம். எச்சில் விழுங்கினால் விலகும் லேசான அடைப்பு என்றால் பொறுத்துப் பார்க்கலாம். குத்தும் வலி, காதில் நீர் அல்லது சீழ், காது கேட்பதில் குறைவு, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முகத்தில் சைனஸ் வலி கடுமையாகி, மாஸ்க் போட்டதும் மேலும் கூடினாலும் இதே விதிதான்.

கருவிக்குள் கிருமி தங்கி மறுபடியும் சளியைக் கொடுக்குமா?

உங்களுக்கு இப்போது வந்திருக்கும் அதே வைரஸ் மாஸ்க்கில் ஒட்டியிருந்து, குணமான சில நாட்களில் உங்களையே மறுபடி படுக்கவைப்பது அரிது. உடம்பு அதற்குள் அதை அடையாளம் கண்டுவிடுகிறது. உண்மையான கவலை, பல நாட்களாக மாற்றாத தொட்டி நீரிலும் கழுவாத குழாயிலும் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். ஆகவே சளி இருக்கும் வரை மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் நாள்தோறும் வெதுவெதுப்பான நீரிலும் மணமற்ற மென்சோப்பிலும் கழுவி, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் உலரவிடுங்கள். மிச்ச நீரைக் காலையிலேயே கொட்டிவிடுங்கள். பிளீச், ஸ்பிரிட் போன்றவை சிலிக்கானைக் கெடுக்கும். ஓசோனால் தூய்மை செய்யும் பெட்டிகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். குழாயில் தங்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்திருக்கிறது.

கருவி போடத் தொடங்கியதிலிருந்து எப்போதும் சளியாகவே இருக்கிறதே?

அது சளியே அல்லாமல் இருக்கலாம். உலர்ந்த காற்றால் சவ்வு எரிச்சலடைந்து, தும்மலும் மூக்கொழுகலும் அடைப்பும் வருவது கருவி பயன்படுத்துவோரிடம் சாதாரணம். காய்ச்சல், உடம்புவலி, தொண்டைவலி ஏதுமின்றி, காலையில் எழுந்ததும் மூக்கொழுகி நண்பகலுக்குள் தானாக நின்றுவிடுகிறது என்றால் கருவியின் மேல்தான் ஐயம் கொள்ள வேண்டும். ஈரப்பதத்தையும், வடிகட்டியில் படிந்த தூசியையும், வாய்க்கசிவையும் பாருங்கள். சாதாரணச் சளி 7 முதல் 10 நாட்களில் அடங்கிவிடும். இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம்.

பக்கத்தில் உறங்குபவருக்குத் தொற்றுமா?

நாம் விடும் மூச்சு மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் வழியாக விசையோடு அறைக்குள் வருகிறது. இருமலும் தும்மலும் இருக்கும் நாட்களில், குறிப்பாகக் கோவிட் அல்லது இன்ஃப்ளூயன்சா என்று தெரிந்தால், தனி அறையில் சன்னலைத் திறந்துவைத்து உறங்குவது முறை. அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் விட்ட காற்றையே திரும்ப இழுக்க நேரிடும்.

எந்த நிலையில் கட்டாயம் போடக் கூடாது?

வாந்தி எடுக்கும்போதும், எடுக்கப்போவது போல் குமட்டும்போதும் போடக் கூடாது. வாயையும் மூடும் மாஸ்க்கில் இது உயிராபத்து. வாந்தியைக் கருவியின் காற்று மூச்சுக்குழாய்க்குள் தள்ளிவிடலாம். நிற்காத மூக்கு இரத்தக்கசிவிலும், மயக்கமாகி மாஸ்க்கைத் தானே கழற்ற இயலாத நிலையிலும் போடக் கூடாது.

இன்றிரவு போடவே முடியவில்லை. வேறு என்ன செய்யலாம்?

மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள்; முதுகுக்குப் பின்னால் உருளைத் தலையணை வைத்தால் உறக்கத்தில் புரளமாட்டீர்கள். மேலுடம்பை உயர்த்தி வையுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். விடியற்காலையில் மூக்கு திறந்திருந்தால், மீதமுள்ள இரண்டு மணி நேரத்துக்காவது மாட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டிய வேலையை வேறொருவரிடம் விடுங்கள். கருவியை விட்ட முதல் இரவே மூச்சுத்தடை திரும்பி வந்துவிடும் என்பதால், நன்றாக உறங்கியதாகத் தோன்றினாலும் பகலில் கண் செருகலாம். பகல் தூக்கத்துக்கும் கருவி வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூக்கு சற்றுத் திறந்திருக்கும் பிற்பகலில் ஒரு மணி நேரம் கருவியோடு உறங்கினால் இரவின் இழப்பு கொஞ்சம் ஈடாகும்.

காலையில் கருவி காட்டும் எண்கள் மோசமாக இருக்கின்றனவே?

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பதைக் கூறும் ஏஹெச்ஐ எண் வழக்கமாக 5க்குக் கீழே இருப்பவருக்குச் சளி நாட்களில் 7, 8 என்று ஏறலாம், கசிவும் கூடும். இருமலையும் மாஸ்க்கை அடிக்கடி கழற்றி மாட்டுவதையும் கருவி சில நேரம் தவறாகக் கணக்கிடும். சளி விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் எண் இறங்கவில்லை என்றால் ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

விழித்திருக்கும்போதே மூச்சிரைத்தல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், மனக்குழப்பம் ஆகியவை அவசர அறிகுறிகள், விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், சளியில் இரத்தம், பத்து நாளாகியும் குறையாத அடைப்பு, குறைந்து வந்து மறுபடி கூடும் காய்ச்சல் ஆகியவற்றுக்கு மறுநாளே பார்த்துவிடுவது நல்லது.

சிந்திச் சிந்தி மூக்குத்தோல் புண்ணாகிவிட்டது. மாஸ்க் பட்டால் எரிகிறது.

பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவாதீர்கள். சிலிக்கான் மெத்தையை அது கெடுக்கும், மாஸ்க்கும் வழுக்கிக் கசியும், ஆக்சிஜன் சேர்த்துப் பயன்படுத்துவோருக்குத் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லை மெல்லியதாகத் தடவி, உலர்ந்த பிறகு மாட்டலாம். மாஸ்க்குக்கும் தோலுக்கும் இடையில் வைக்கும் மென்துணி உறைகளும் கிடைக்கின்றன. நான் பழைய பருத்தி பனியன் துணியை மாஸ்க்கின் விளிம்பு அளவுக்கு வளையமாக வெட்டி வைத்துக்கொள்கிறேன். காற்று கொஞ்சம் கசிகிறது, ஆனால் எரிச்சல் இல்லாமல் ஐந்து மணி நேரம் உறங்க முடிகிறது.